எத்தனை பேப்பர்?

உயிர்வேதியியல் படித்தவர்களிடம் ராமச்சந்திரன் பிளாட் என்று சொல்லிப் பாருங்கள். கையில் காகிதம் இருந்தால் ஒரு சதுரம் போடுவார்கள். நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்து, இடது பாதியில் மேலே ஒரு திட்டு, கீழே ஒரு திட்டு வரைவார்கள். வலது பாதியில் சின்னதாக இன்னொன்று. பரீட்சைக்காக இளவயதில் பழகிய படம், ஐம்பது வயதிலும் கை மறப்பதில்லை. அந்தப் படத்தை உலகுக்குக் கொடுத்த ஜி.என். ராமச்சந்திரன் மூன்று வருடம் நம் திருச்சியில் படித்தவர்.

சர் சி.வி. ராமன் திருவானைக்காவலில் பிறந்தவர் என்பதைத் திருச்சிக்காரர்கள் யாரும் சொல்லாமல் விடுவதில்லை. ராமனின் மாணவரான ராமச்சந்திரன் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தார் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்து, 1939-ல் இங்கே இயற்பியல் ஆனர்ஸில் சேர்ந்து, 1942-ல் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே முதல் மாணவராகத் தேறி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போனார். மின்பொறியியலில் சேர்ந்தவரை இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டவர் ராமன். பிறகு கேம்பிரிட்ஜில் ஒரு முனைவர் பட்டம். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்க வந்தபோது அவருக்கு வயது முப்பதுதான்.

சென்னையில் அவரும் கோபிநாத் கர்த்தாவும் எடுத்துக்கொண்ட கேள்வி, தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் என்ன என்பது. பக்கத்திலிருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதை எக்ஸ்ரே கதிரில் வைத்துப் படமெடுத்து, மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு என்று 1954-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். மறு வருடமே அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் அந்த அமைப்பில் குறை கண்டார்கள். மூன்று இழை சரிதான், ஆனால் சென்னைக்காரர்கள் சொல்லும் அமைப்பில் சில அணுக்கள் ஒன்றோடொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது அவர்கள் வாதம்.

ராமச்சந்திரன் அந்தக் குறையையே கேள்வியாக எடுத்துக்கொண்டார். இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளியான படிகக் கட்டமைப்புகளிலிருந்து அளவுகளைத் திரட்டினார்கள். புரதச் சங்கிலியில் பெப்டைடு பிணைப்பு தட்டையானது, திரும்பாது. அதன் இரு பக்கமும் இருக்கும் கார்பனைச் சுற்றித்தான் சங்கிலி திரும்ப முடியும். ஆக, ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டே கோணங்கள். அந்த இரண்டு கோணங்களையும் முழுச் சுற்றுக்கு மாற்றி மாற்றி, எங்கெல்லாம் அணுக்கள் முட்டுகின்றன, எங்கெல்லாம் முட்டவில்லை என்று பார்க்க வேண்டும். மேசைக் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு செய்த வேலை அது. சதுரத்தின் பெரும்பகுதி ஆகாத இடம் என்று தெரிந்தது. ஆகும் இடம் சில திட்டுகள் மட்டும். ஆல்ஃபா சுருளும் பீட்டா தகடும் சரியாக அந்தத் திட்டுகளுக்குள் விழுந்தன. 1963-ல் ‘ஜர்னல் ஆஃப் மாலிகுலர் பயாலஜி’யில் ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவர் பெயரில் அது வெளியானது. மொத்தம் ஐந்து பக்கம்.

குறை சொல்லப்பட்ட வருடத்திலிருந்து இந்த ஐந்து பக்கம் வரை எட்டு வருடம். இன்று உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும், பொதுத் தகவல் வங்கியில் சேர்க்கும்போது அதன் கோணங்கள் ராமச்சந்திரன் திட்டுகளுக்குள் விழுகின்றனவா என்று சரிபார்க்கிறார்கள். அந்த வங்கியில் 2023-லேயே இரண்டு லட்சம் கட்டமைப்புகளைத் தாண்டிவிட்டார்கள். 2024-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றுத் தந்த, கணினி ஊகித்துத் தரும் புரத வடிவங்களையும் இதே சதுரத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். இப்படிச் சரிபார்ப்பவர்களில் 1963 கட்டுரையை மேற்கோள் பட்டியலில் போடுபவர்கள் சிலரே. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்துக்கு யாரும் அடிக்குறிப்பு போடுவதில்லை. ஒரு ஆய்வு முழுமையாக வெற்றி பெற்றுவிட்டால், அதை எண்ணிக் காட்டும் கணக்கிலிருந்து அது மெல்ல மறைந்துபோகிறது.

இதை நான் விரிவாக எழுதுவதற்குக் காரணம் ஒரு விண்ணப்பப் படிவம்.

பொன்மலையில் எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறாள். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் முடித்து உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். தமிழில் பெயர்களை எழுதுவதில் ஏதோ சந்தேகம் என்று படிவத்தைக் கொண்டுவந்தாள். கட்டுரைகளுக்கென்று ஒரு முழுப் பக்க அட்டவணை. வரிசை எண், தலைப்பு, இதழின் பெயர், ஐ.எஸ்.எஸ்.என்., இம்பாக்ட் ஃபாக்டர், ஸ்கோபஸா வெப் ஆஃப் சயின்ஸா, எத்தனையாவது ஆத்தர், கடைசியில் மதிப்பெண். அவள் நான்கு வரி நிரப்பியிருந்தாள்.

“இந்த மூணாவது பேப்பர்ல என்னம்மா கண்டுபிடிச்ச?” என்று கேட்டேன்.

அவள் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். “மாமா, வைவாவுக்கு அப்புறம் இதை யாரும் என்கிட்ட கேட்டதில்ல” என்றாள். பிறகு ஒரு மணி நேரம் சொன்னாள். ஒரு நொதி எந்த உப்பு அளவில் செயலிழக்கிறது, முதலில் கிடைத்த விடை தவறு என்று எப்படித் தெரிந்தது, ஜெல்லைத் திரும்பத் திரும்ப ஓட்டி எப்படி உறுதி செய்தாள் என்று. அவள் சொன்ன எதற்கும் அந்தப் பக்கத்தில் இடம் இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில், பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணலுக்கு அழைக்கும் பட்டியலைத் தயாரிக்க ஒரு கட்டுரைக்கு 2 மதிப்பெண், மொத்தம் அதிகபட்சம் 10. ராமச்சந்திரனின் ஐந்து பக்கத்துக்கும் இரண்டுதான், எங்கள் தெருப் பெண்ணின் உழைப்புக்கும் இரண்டுதான், யாரோ எழுதி யாரோ பெயர் போட்டதற்கும் இரண்டுதான். பதவி உயர்வுக்கான அட்டவணை இன்னும் நுணுக்கமானது. இதழின் இம்பாக்ட் ஃபாக்டர் ஒன்றுக்குக் கீழே இருந்தால் ஒரு அளவு மதிப்பெண், ஒன்றிலிருந்து இரண்டுக்குள் வேறு, பத்தைத் தாண்டினால் வேறு. இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து எழுதினால் முதல் ஆசிரியருக்கோ பொறுப்பாசிரியருக்கோ 70 விழுக்காடு, மற்றவர்களுக்கு ஆளுக்கு 30. கட்டுரை எந்த இதழில் வந்தது என்பது இவ்வளவு கவனமாக அளக்கப்படுகிறது. கட்டுரைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கும் வரி ஒன்றுகூட அந்த அட்டவணையில் இல்லை.

இந்த எண்களைப் படைத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு படைக்கவில்லை. யூஜின் கார்ஃபீல்டு 1955-ல் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை முன்வைத்தது, ஒரு ஆய்வை யாரெல்லாம் தொடர்ந்தார்கள், யாரெல்லாம் மறுத்தார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க. 1964-ல் அது அச்சில் வந்தது. இம்பாக்ட் ஃபாக்டர் எந்த இதழைத் தொகுப்பில் சேர்க்கலாம், எதை வாங்கலாம் என்று முடிவெடுக்க உதவிய எண். அது இதழுக்கான சராசரி, இதழில் எழுதிய ஆளுக்கானது அல்ல. 2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் ஹெச் இண்டெக்ஸைச் சொன்னார். ஒருவருக்குக் குறைந்தது இருபது மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் இருபது இருந்தால் அவருடைய ஹெச் இருபது. எளிமையாக இருந்ததால் பரவிவிட்டது. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரே ஒரு கட்டுரை எழுதி, அதில் உலகமே பயன்படுத்தும் ஒன்றைக் கொடுத்தவருக்கு ஹெச் எப்போதும் ஒன்றுதான்.

மேற்கோள் எண்ணிக்கை எதை அளக்கிறது என்பதற்கு உயிர்வேதியியலே சாட்சி. உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, ஆலிவர் லோரியும் மூன்று பேரும் 1951-ல் எழுதியது. புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்கும் முறை. நம் கல்லூரி ஆய்வகங்களில் “லோரி போடுறது” என்றாலே எல்லோருக்கும் புரியும். மாதிரியில் காரத் தாமிரக் கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். ஃபோலின் ரீஏஜென்ட் சேர்த்து அரை மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். நீலம் ஏறும். புரதம் கூடுதலாக இருந்தால் நீலம் அடர்த்தியாக இருக்கும், கலரிமீட்டரில் வைத்துப் படிக்க வேண்டியதுதான். 2014-ல் ‘நேச்சர்’ வெளியிட்ட பட்டியலில் அந்தக் கட்டுரைக்கு மூன்று லட்சத்துக்கு மேல் மேற்கோள்கள். இரண்டாவது இடம் 1970-ல் லேம்லி எழுதிய ஜெல் முறைக்கும், மூன்றாவது 1976-ல் பிராட்ஃபோர்டு எழுதிய புரத அளவீட்டுக்கும். மூன்றும் உயிர்வேதியியல் கருவி முறைகள். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளைச் சொன்ன கட்டுரை முதல் நூறில்கூட இல்லை. தன் கட்டுரை அப்படியொன்றும் பெரிய கட்டுரை அல்ல என்று லோரியே வெளிப்படையாகச் சொன்னவர். ஆக, மேற்கோள் எண்ணிக்கை பயன்பாட்டை அளக்கிறது. பயன்பாடும் மதிப்புதான். ஆனால் அது ஒரு வகை மதிப்பு மட்டுமே.

அதே ஆய்வகத்தில் அடுத்த வாரம் பிள்ளைகள் செய்வது ஃபிஸ்கே–சுப்பாராவ் முறையில் பாஸ்பரஸ் அளவு. அந்தச் சுப்பாராவ் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, ஹார்வர்டுக்குப் போனவர். எல்லப்பிரகத சுப்பாராவ். 1925-ல் அந்த முறை, அதைத் தொடர்ந்து தசையில் பாஸ்போகிரியாட்டின், 1929-ல் ஏ.டி.பி. உயிரணுவின் ஆற்றல் நாணயம் என்று இன்று பள்ளிப் பாடத்தில் வரும் அதே ஏ.டி.பி.தான். ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை தரவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். அங்கே அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் உருவானது, புற்றுநோய் மருந்துகளுக்கு வழி பிறந்தது, யானைக்கால் நோய்க்கு டி.இ.சி. கிடைத்தது. 1948-ல் இறந்துபோனார். காவிரி டெல்டா மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை சுகாதார ஊழியர்கள் வீடு வீடாக வந்து, கண் முன்னாலேயே விழுங்கச் சொல்லிக் கொடுத்த மாத்திரை அந்த டி.இ.சி.தான். என் வயதில் இருப்பவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வீங்கிய கால்களோடு நடந்தவர்களைப் பார்த்திருப்பார்கள். இன்றைய பிள்ளைகள் அநேகமாகப் பார்த்ததில்லை. ஒரு உயிர்வேதியியலாளரின் தாக்கம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கால்கள்தான், எந்த அட்டவணையிலும் அவை ஏறாது.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்த் தரப்பின் நியாயத்தையும் முழுதாகச் சொல்லியாக வேண்டும். எண்கள் நம் நாட்டுக்குள் சும்மா வரவில்லை. நேர்காணல் அறையில் யார் பையன், எந்த ஊர், எந்தச் சாதி, யார் கடிதம் கொண்டுவந்தார் என்று பார்த்து வேலை கொடுத்த காலம் உண்டு. அது முழுதாகப் போய்விட்டதாக யாரும் நம்பவில்லை. கைடு யாரென்று பார்த்துத் தலையாட்டும் குழுவுக்கு முன்னால், பின்புலம் இல்லாத ஒரு பிள்ளைக்கு எண் ஒரு கேடயம். “நாலு பேப்பர் இருக்கு, எட்டு மார்க் போட்டே ஆகணும்” என்று சட்டப்படி கேட்கலாம். எங்கள் தெருப் பெண்ணும் இதையே சொன்னாள். அந்தக் குழுவில் இருப்பவர்களைவிட அந்த அட்டவணையை நம்புகிறேன் என்றாள். அவளுடைய அப்பா தலையாட்டினார். அவர்கள் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் கேடயத்தை இப்போது கடையில் விற்கிறார்கள். தயாராக எழுதி வைத்த கட்டுரையில் முதல் ஆசிரியர் இடம் இவ்வளவு, இரண்டாவது இடம் இவ்வளவு என்று விலைப்பட்டியலோடு வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் விளம்பரம் வருகிறது. 2010 விதிமுறை கட்டுரைக்குப் புள்ளி என்று வைத்தபின் காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதம் மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டிவந்தது. அதற்குப் பதிலாக வந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-ல் நீக்கியதும் நல்லதே. ஆனால் வேலைக்குப் போகும்போது அதே எண் காத்திருக்கிறது.

உலக அளவில் 2023-ம் ஆண்டில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் எட்டாயிரத்துக்கு மேல் ஹிந்தாவி என்ற ஒரே பதிப்பகத்தின் இதழ்களில் வந்தவை. எலிசபெத் பிக் என்ற நுண்ணுயிரியலாளர் 2016-ல் சக ஆய்வாளர்களோடு இருபதாயிரத்துக்கு மேற்பட்ட உயிரியல் மருத்துவக் கட்டுரைகளின் படங்களைக் கண்ணால் பார்த்து ஒப்பிட்டு, 3.8 விழுக்காட்டில் படம் திரும்ப வந்திருப்பதைக் காட்டினார். அவர் பார்த்தவற்றில் முக்கியமானது வெஸ்டர்ன் பிளாட், அதாவது புரதங்களைப் பிரித்துக் காட்டும் கறுப்புப் பட்டைகள். ஒரு பட்டையின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கீறல் வேறொரு புரதத்தின் பெயரில் வேறொரு படத்திலும் இருந்தால் அது ஒரே படம். இதைக் கண்டுபிடிக்க எந்த இண்டெக்ஸும் உதவவில்லை. உட்கார்ந்து பார்த்த ஒரு ஜோடிக் கண்தான் உதவியது.

நேர்மையாக வேலை செய்யும் ஏழைப் பிள்ளை இப்போது இரண்டு பக்கமும் இழக்கிறது. சிபாரிசு இல்லாததால் ஒரு பக்கம், காசு கொடுத்துக் கட்டுரை வாங்க முடியாததால், வாங்க மனம் வராததால் மறுபக்கம். நல்ல இதழிலேயே திறந்த வாசிப்புக்குப் போட வேண்டுமென்றால் ஒரு கட்டுரைக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கேட்கும் இதழ்கள் உண்டு. கைடிடம் பெரிய புராஜெக்ட் இருந்தால் கட்டலாம். இல்லாவிட்டால் வரிசையில் பின்னால்தான். நியாயத்துக்காக வந்த எண், நியாயம் தேவைப்படுகிறவர்களையே முதலில் தள்ளிவிடுகிறது. என் கவலையெல்லாம் இதுதான்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பிலும் கணக்கு உண்டு. இந்த மாதம் எத்தனை வண்டி வெளியே போனது என்பதை அவுட்டர்ன் என்பார்கள். 1920-களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே இடம் மாறிய நாள் முதல் அந்தக் கணக்கு எழுதப்படுகிறது. ஆனால் ஓவர்ஹால் முடிந்து போன வண்டி சீக்கிரமே பழுதாகி நின்றால் அதுவும் ஒர்க்‌ஷாப் பெயரில் எழுதப்படும். நீலகிரி மலை ரயிலுக்கு எண்ணெயில் ஓடும் நீராவி எஞ்சின்களைப் பொன்மலையில் புதிதாகவே கட்டி, 2011-ல் முதல் எஞ்சினை அனுப்பினார்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரத்தில் அது ஏறியதா என்பதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். அறிவியல் கட்டுரைக்கு, பழுதை எழுதும் அந்த இரண்டாவது பேரேடு வெகுகாலம் இல்லை. 2025 தேசியத் தரவரிசையில்தான், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்காக நிறுவனங்களின் மதிப்பெண்ணைக் குறைக்கும் ஏற்பாடு முதன்முதலாக வந்தது. தாமதமான, ஆனால் சரியான அடி.

அடுத்த அடி படிப்பது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2015 முதல் விண்ணப்பதாரரிடம் அறிவியலுக்கு அவர் செய்த பங்களிப்பு என்று அதிகபட்சம் ஐந்தை விளக்கி எழுதச் சொல்கிறது. 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கை, இதழின் எண்ணைக் கொண்டு ஆளை அளக்காதீர்கள் என்று சொன்னது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான அமைப்புகள் கையெழுத்திட்டிருக்கின்றன. நாமும் அட்டவணையை எடுத்துவிட்டு, “உங்கள் கட்டுரைகளில் இரண்டைச் சொல்லுங்கள், அதற்கு முன் என்ன தெரியாமல் இருந்தது, பின் என்ன தெரிந்தது, அதில் உங்கள் கை எது” என்று கேட்கலாம். விண்ணப்பம் ஐந்நூறு வந்தால் யார் படிப்பது என்பார்கள். முதல் வடிகட்டலுக்குத் தகுதித் தேர்வு இருக்கிறது. கடைசியில் வரும் இருபது பேரின் நாற்பது கட்டுரையைப் படிக்க முடியாத குழு, இருபது வருடம் பாடம் நடத்தப்போகும் ஒருவரைத் தேர்வு செய்ய வேண்டாம். இதழ் கிடைக்கவில்லை என்ற சாக்கும் போய்விட்டது. 2025 தொடக்கத்திலிருந்து ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் செலவில், முப்பது பதிப்பகங்களின் 13,000 இதழ்கள் அளவுக்கு அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன.

பின்புலம் இல்லாத பிள்ளைக்கு இதில் என்ன பாதுகாப்பு என்று அந்த ஃபிட்டர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்வி. குழுவில் இருக்கும் ஒவ்வொருவரும் படித்த கட்டுரையைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பக்கம் விண்ணப்பித்தவர் கைக்கு வர வேண்டும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். கட்டுரையைப் படிக்காமல் எழுதினால் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும், எழுதியவளுக்கு அது தெரியாமல் போகாது. ராமச்சந்திரனுக்கு 1955-ல் கிடைத்ததும் அப்படிப்பட்ட ஒன்றுதான்: அவர் கட்டுரையை வரி வரியாகப் படித்த இரண்டு பேர், எந்த அணு எங்கே முட்டுகிறது என்று சொல்லி, தங்கள் பெயரைப் போட்டு எழுதிய மறுப்பு.